ஐந்து ஹெச்.பி. வாய்க்காலுக்கு வரும் வழி

கொங்கு நாட்டுக் கிணறுகள் ஆழமானவை. பாறையை வெடிவைத்துப் பிளந்து இறக்கியவை. அந்த ஆழத்திலிருந்து தண்ணீரை மேலேற்றக் கொடுக்கும் பலத்தில் எவ்வளவு வழியிலேயே போய்விடுகிறது? கோவை பீளமேட்டுப் பட்டறைகள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவரும் கேள்வி இது.

முதலில் எருதுகள் இழுக்கும் கவலை இருந்தது. எருதுகள் சரிவில் இறங்க இறங்க, வடத்தின் மறுமுனையில் பறி நிரம்பி மேலே வரும். உருளை உரசும், பறி சிந்தும், எருதுகள் வெறும் வடத்தோடு மேடேறித் திரும்ப வேண்டும். அடுத்து ஆயில் என்ஜின் வந்தது. என்ஜினுக்கும் பம்புக்கும் நடுவே ஓடிய பெல்ட் வழுக்கியும் சூடேறியும் தன் பங்கை எடுத்துக்கொண்டது. 1932இல் பைக்காரா மின்சாரம் நீலகிரியிலிருந்து இறங்கியது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் கோவையிலேயே மின்மோட்டார் செய்து காட்டினார்கள். பீளமேட்டில் 1926இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டும் பின்னாளில் மோட்டார், பம்பு என்று வளர்ந்தது. பெல்ட் போய்க் கப்ளிங் வந்தது. கப்ளிங்கும் போய் மோனோபிளாக் வந்தது: ஒரே ஷாஃப்ட்டில் ஒருபுறம் ரோட்டார், மறுபுறம் இம்பெல்லர். ஒவ்வொரு மாற்றத்திலும் பலம் கைமாறும் இடம் ஒன்று குறைந்தது.

குறைந்தது என்று சொன்னால் போதாது, அளந்து காட்ட வேண்டும். சுழலும் தண்டை மரக்கட்டைகளால் இறுக்கிப் பிடித்து, நீண்ட கையில் எடை தொங்கவிட்டு அதன் பலத்தை அளக்கும் முறையைப் பிரெஞ்சுப் பொறியாளர் ப்ரோனி 1821இல் வகுத்தார். இன்று காருக்கும் இதே கேள்விதான். என்ஜினைத் தனியே அளக்கிறார்கள். பிறகு சக்கரங்களை உருளைகள் மேல் ஓடவிட்டு அளக்கிறார்கள். இடையில் காணாமல் போனது கியர்பாக்ஸும் டிஃபரென்ஷியலும் டயரும் தின்றது. பம்பில் கணக்கு இன்னும் தெளிவு. ஒரு முனையில் மின்சாரம், மறுமுனையில் தண்ணீர். இரண்டையும் நேரடியாக அளந்துவிடலாம்.

சோதனை மேடையில் நின்று பார்த்தால் இது கண்ணெதிரே நடக்கும். தொட்டித் தண்ணீரில் உறிஞ்சு குழாய் இறங்கியிருக்கும். டெலிவரி குழாயில் பிரஷர் கேஜ், அதற்கப்பால் ஃப்ளோ மீட்டரும் கேட் வால்வும். வால்வைத் திருகத் திருகக் கேஜ் முள் ஏறும், தண்ணீர் குறையும், வாட் மீட்டரில் எண் மாறும். வினாடிக்கு எத்தனை லிட்டர், எத்தனை மீட்டர் உயரம் என்று பெருக்கி 102ஆல் வகுத்தால் தண்ணீருக்குச் சேர்ந்த கிலோவாட் கிடைக்கும். 6 லிட்டர், 34 மீட்டர் என்றால் சரியாக 2 கிலோவாட். பம்பு முழுச் சுமையில் ஓடும் 5 ஹெச்.பி. மோனோபிளாக், அப்போது வாட் மீட்டர் 4.4 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போனதில் பாதிகூடத் தண்ணீருக்குச் சேரவில்லை.

மீதி எங்கே போயிற்று? 5 ஹெச்.பி. என்பது 3.73 கிலோவாட், மோட்டார் ஷாஃப்ட்டுக்குத் தருவது அவ்வளவுதான். ஆக, 0.67 கிலோவாட் காயிலின் சூட்டிலும் இரும்புத் தகடுகளிலும் பேரிங்கிலும் கரைந்தது. ஷாஃப்ட்டைத் தாண்டியபின் பம்பு தின்றது 1.73. இம்பெல்லருக்கும் கேசிங்குக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் தண்ணீர் பின்னோக்கிக் கசிகிறது. வார்ப்பின் சொரசொரப்பில் உரசுகிறது. வளைவுகளில் சுழன்று வீணாகிறது. மோட்டாரைவிடப் பம்பே அதிகம் தின்கிறது என்று இந்தக் கணக்கு காட்டும்போது, பவுண்டரியில் மணல் அச்சை வழவழப்பாக்கும் கையும், லேத்தில் அந்த இடைவெளியை நூல் பிடித்தாற்போல் கடையும் கையும் எவ்வளவு பெரிய வேலை செய்கின்றன என்பது விளங்கும்.

இது பட்டறைக்குள் முடிகிற கணக்கும் அல்ல. மின்கட்டணம் யூனிட்டுக்குச் சில பைசா ஏறியதை எதிர்த்து 1970இல் கொங்கு விவசாயிகள் போராடினார்கள். பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூன்று உயிர்கள் போயின. விவசாயிகள் தலைவர் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் 1972இல் மாட்டு வண்டிகள் கோவைச் சாலைகளை நிறைத்தன. அவ்வளவு அருமையாக இருந்த மின்சாரத்தில் பாதிக்கு மேல் பம்புக்குள்ளேயே சூடாகிப் போனதற்கும் சேர்த்துத்தான் விவசாயி பணம் கட்டினார். இன்று விவசாய மின்சாரம் இலவசம். வீணாகும் பாதிக்கான விலையை மட்டும் ஊர் முழுவதும் கொடுத்துக்கொண்டே இருக்கிறது.

நல்ல பம்பும் தவறான கிணற்றில் தோற்றுப்போகும். 34 மீட்டருக்குச் செய்ததை 15 மீட்டரில் ஓட்டினாலும், எரிந்த காயிலை மெல்லிய கம்பியால் கட்டினாலும், சோதனை மேடையில் பெற்ற எண் தோட்டத்தில் கிடைக்காது. ஆகவே பம்பு வாங்கும்போது எத்தனை ஹெச்.பி. என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடக் கூடாது. தரமுத்திரை பெற்ற பம்பின் பெயர்த்தகட்டில் ஹெட், டிஸ்சார்ஜ் இவற்றோடு மொத்தத் திறன் எத்தனை சதவீதம் என்றும் பொறித்திருப்பார்கள். நம் கிணற்றின் ஆழத்துக்கு அந்தச் சதவீதம் கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேட்க வேண்டும். ஹெச்.பி. என்பது மோட்டார் ஷாஃப்ட்டுக்குத் தரும் பலம். உள்ளே போகும் மின்சாரத்தில் வாய்க்காலுக்கு வருவது எவ்வளவு என்பதை அந்தச் சதவீதம்தான் சொல்லும்.