மூன்று நாள் மகுடம்



1974-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 9-ஆம் நாள். அமெரிக்க ஐக்கிய நாட்டின் கிழக்குப் பகுதியில், வட கரோலினா மாநிலத்தில், கிரீன்ஸ்பரோ என்னும் நகரம். கல்லூரி மாணவர்களின் கூடைப்பந்துப் போட்டி ஒன்று அப்போதுதான் முடிவுற்றிருந்தது. வென்ற அணியினர் ஊர் திரும்புவதற்காகப் பேருந்தில் ஏறி அமர்ந்திருந்தனர். அவ்வேளையில் நெடிய உருவினர் ஒருவர் படியேறி உள்ளே வந்தார். தோற்ற அணியின் பயிற்சியாளரான லெப்டி டிரிசெல் என்பவர் அவர். சற்றுமுன் தம்மைத் தோற்கடித்த பிள்ளைகளைப் பார்த்துப் பாராட்டுரை கூறி, தேசியப் பட்டத்தையும் நீங்களே வென்று வரவேண்டும் என வாழ்த்திவிட்டு இறங்கிச் சென்றார்.

அவருடைய அணி மேரிலாந்துப் பல்கலைக்கழக அணி. அன்று அது அந்நாட்டுக் கல்லூரி அணிகளுள் நான்காம் இடத்தில் வைத்து எண்ணப்பட்டது. ஆயினும் அந்த ஒரு தோல்வியோடு, தேசியப் பட்டத்துக்காக ஆடும் உரிமையே அதற்கு இல்லாமற் போயிற்று. நாட்டில் நான்காவது சிறந்த அணிக்கு இருபத்தைந்து அணிகள் கலந்துகொள்ளும் போட்டியில் இடமில்லை என்றால் அது என்ன விதி? யார் வகுத்த விதி? இன்று உங்களுக்கு நான் சொல்ல வந்தது அந்த விதியின் வரலாற்றைத்தான்.

கூடைப்பந்தாட்டம் பிறந்தது 1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில். மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், குளிர்காலத்தில் வெளியே ஆட இயலாத மாணவர்களுக்காகப் பீச்சுப் பழக்கூடைகள் இரண்டை உயரே மாட்டி, 13 விதிகளை எழுதி இவ்வாட்டத்தை அமைத்தார். அக்கல்லூரியில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர்தாம் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தோற்றுவித்தார் என்பதையும் இங்கே நினைவூட்டுகிறேன். நம் பள்ளிகளின் உடற்பயிற்சி ஆசிரியர்கள் பலர் அக்கல்லூரியின் வழி வந்தவர்களே.

அமெரிக்காவில் பல்கலைக்கழகங்கள் தனித்தனியே நின்று ஆடுவதில்லை. அக்காலத்தில் அண்டையிலுள்ள ஏழெட்டுப் பல்கலைக்கழகங்கள் ஒன்றுசேர்ந்து ஒரு கூட்டணி அமைத்துக்கொண்டன. இதனை அவர்கள் 'கான்பரன்ஸ்' என்பர். மகாநாடு என்று அகராதி பார்த்து மொழிபெயர்த்துக்கொண்டு, அங்கே யார் சொற்பொழிவாற்றினார் என்று கேட்டுவிடாதீர்கள்! கூட்டணியிலுள்ள அணிகள் குளிர்காலம் முழுவதும் தமக்குள் ஆடும். வெற்றி தோல்விகளைக் கணக்கிட்டு வரிசைப்பட்டியல் உருவாகும். அக்காலத்தில் பெரும்பாலான கூட்டணிகளில் பட்டியலின் தலையில் நின்றவரே வாகை சூடியவர். ஆனால் தென்கிழக்கு மாநிலங்களில் மட்டும் வேறொரு வழக்கம் வேரூன்றியது. 1920-களிலிருந்தே 'சதர்ன் கான்பரன்ஸ்' என்னும் கூட்டணி, குளிர்கால ஆட்டங்கள் முடிந்தபின் எல்லோரையும் ஓரிடத்தில் கூட்டி, தோற்றவர் வெளியேற வென்றவர் மேலேற, சில நாட்களுக்குள் வாகையரைத் தேர்ந்தெடுத்தது.

1953-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் நாள், கிரீன்ஸ்பரோ நகரில், அக்கூட்டணியிலிருந்து ஏழு பல்கலைக்கழகங்கள் பிரிந்து 'அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டணி'யை நிறுவின. பிரிவுக்குக் காரணம் கூடைப்பந்து அன்று, கால்பந்து. பருவம் முடிந்தபின் நடைபெறும் சிறப்புக் கால்பந்து ஆட்டங்களுக்குப் போகலாகாது என்று பழைய கூட்டணி தடை விதித்திருந்தது. பின்னர் வர்ஜீனியாவும் சேர, எண்ணிக்கை எட்டாயிற்று. தனிக்குடித்தனம் வந்தவர்கள் பழைய வீட்டிலிருந்து ஒரு பொருளை மட்டும் மறவாமல் எடுத்து வந்தனர். அதுதான் பருவ இறுதிப் போட்டி. தேசியப் போட்டிக்கு ஒரு கூட்டணியிலிருந்து ஓர் அணியே போகலாம் என்பது அக்கால ஏற்பாடு. அந்த ஓர் அணி, மூன்று நாள் போட்டியில் வெல்பவரே என்று இவர்கள் முடிவு செய்தனர். வியாழன், வெள்ளி, சனி ஆகிய மூன்றே நாட்களில் ஏழு ஆட்டங்கள். அவற்றின் முடிவில் ஒரு மகுடம்.

இம்முடிவில் பணத்தின் பங்கு இல்லை என்று சொல்வதற்கில்லை. நுழைவுக் கட்டணம் பெருந்தொகையாக வந்தது. அதற்கு ஏற்ற அரங்கமும் ஆயத்தமாயிருந்தது. ராலே நகரில், சுருக்கமாக 'ஸ்டேட்' என்று வழங்கும் வட கரோலினா ஸ்டேட் கல்லூரியில், 1949-இல் திறக்கப்பட்ட ரெனால்ட்ஸ் அரங்கில் அக்காலத்தில் 12,400 பேர் அமர இடமிருந்தது. அவ்வரங்கை அத்துணை பெரிதாக எழுப்பத் தூண்டியவர் எவரெட் கேஸ். கூடைப்பந்துப் பித்து மிகுந்த இந்தியானா மாநிலத்தில் உயர்நிலைப்பள்ளி மாணவர்களைப் பயிற்றிப் புகழ்பெற்று, 1946-இல் ராலேக்கு வந்தவர் அவர். கால்பந்தையே கொண்டாடிய மக்களைக் கூடைப்பந்தின் பக்கம் திருப்பியவர் அவரே. வெற்றி பெற்றதும் ஏணி வைத்து ஏறிக் கூடையின் வலையை அறுத்தெடுக்கும் வழக்கத்தைத் தம் ஊரிலிருந்து கொண்டுவந்தவரும் அவரே.

1954-ஆம் ஆண்டு மார்ச்சில் முதற்போட்டி அவ்வரங்கில் நடைபெற்றது. அவ்வாண்டின் கணக்கைக் கவனியுங்கள். டியூக் பல்கலைக்கழகம் பத்து ஆட்டங்களில் ஒன்பது வென்று பட்டியலின் முதலிடத்தில் நின்றது. ஸ்டேட் எட்டே ஆட்டங்கள் ஆடி ஐந்து வென்று நான்காமிடத்தில் இருந்தது. எல்லோரும் ஒரே எண்ணிக்கையில் ஆடவில்லையாதலால், பட்டியல் நியாயமானதன்று, நேருக்கு நேர் மோதிப் பார்ப்பதே முறை என்று வாதிட இடமிருந்தது. அரையிறுதியில் ஸ்டேட் டியூக்கை வென்றது. இறுதியில் வேக் பாரஸ்ட்டை மிகை நேரத்தில் 82-க்கு 80 என்று வென்று மகுடம் சூடியது. அரங்கமும் ஸ்டேட்டினுடையது, ஆரவாரமும் அவர்களுடையது. 13 ஆண்டுகள் போட்டி அங்கேயே நடந்ததைப் பிறர் முணுமுணுப்பின்றி ஏற்றனர் என்று எண்ணாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது வரலாற்றுக்குச் செய்யும் துரோகமாகும். அந்த முதற்போட்டியில் ஆடியவர் அனைவரும் வெள்ளை இனத்தவரே. போட்டி முடிந்த பத்தே வாரங்களில், மே 17-ஆம் நாள், பள்ளிகளில் இனப்பிரிவினை சட்டத்துக்கு முரணானது என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படியிருந்தும், இக்கூட்டணியில் முதல் கறுப்பினக் கூடைப்பந்து வீரராக மேரிலாந்தின் பில்லி ஜோன்ஸ் களமிறங்க 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1969-ஆம் ஆண்டு இறுதி ஆட்டத்தில், சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் சார்லி ஸ்காட் என்னும் கறுப்பின இளைஞர், டியூக்கை எதிர்த்துத் தனியொருவராக 40 புள்ளிகள் எடுத்துத் தம் அணியை வெற்றிபெறச் செய்தார். பதினைந்தாண்டுக்கு முன்பாயின் அவர் அந்த ஆடுகளத்தில் கால் வைத்திருக்கவும் முடியாது.

மூன்று நாள் விதி எத்துணை கொடியது என்பதை ஆடியவர் அனைவரும் அறிந்திருந்தனர். 1957-இல் வட கரோலினா ஒரு தோல்வியும் காணாமல் வந்தது. அரையிறுதியில் வேக் பாரஸ்ட்டிடம் 61-க்கு 59 என்று மயிரிழையில் தப்பியது. பின்னர்த் தேசிய இறுதியாட்டத்தில், வில்ட் சேம்பர்லின் ஆடிய கான்சாஸ் அணியை மும்முறை மிகை நேரம் ஆடி ஒரு புள்ளியில் வென்று, 32 ஆட்டத்தில் 32 வெற்றி என்று வீடு திரும்பியது. அந்த அரையிறுதியில் இரண்டு புள்ளிகள் இடம் மாறியிருந்தால், அந்த 32 வெற்றி என்ற புகழ் ஏது?

தப்பாதவர் கதை 1970-இல் நேர்ந்தது. தென் கரோலினா அணி கூட்டணிக்குள் 14 ஆட்டங்களிலும் வென்றது. அவ்வாண்டு தேசியப் போட்டியின் கிழக்கு மண்டல ஆட்டங்கள் அவர்களுடைய சொந்த நகரமாகிய கொலம்பியாவில், அவர்களுடைய சொந்தப் புதிய அரங்கிலேயே நடைபெறுவதாக ஏற்பாடு. ஆனால் மூன்று நாள் போட்டியில் அவர்களுடைய தலைசிறந்த வீரர் ஜான் ரோச்சின் கணுக்கால் பிசகிற்று. இறுதி ஆட்டத்தில் ஸ்டேட் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு காலம் கடத்தியது. இருமுறை மிகை நேரத்துக்குப்பின் முடிவு 42-க்கு 39. தென் கரோலினா தோற்றது. தன் வீட்டில் போட்ட பந்தலில் பிறர் வீட்டுக் கல்யாணம் நடப்பதைப் பார்த்து நிற்பது போலாயிற்று அவர்கள் நிலை. அடுத்த ஆண்டு ஒரு புள்ளியில் மகுடத்தை வென்றனர். வென்ற கையோடு 1971-இல் கூட்டணியை விட்டே விலகினர். மாணவரைச் சேர்க்கும் தேர்வு மதிப்பெண் பற்றிய பிணக்கே விலகலுக்குப் பெரிய காரணம் எனினும், 1970-இன் புண் ஆறியிருந்தது என்று நான் நம்பவில்லை.

ஆசிரியப் பணியில் தலைநரைத்தவன் நான். மாதத் தேர்வுகளில் எல்லாம் முதலிடம் பெற்ற பையன், ஆண்டுத் தேர்வன்று காய்ச்சலில் படுத்துவிட்டதைப் பார்த்திருக்கிறேன். ஆண்டெல்லாம் உறங்கிவிட்டுக் கடைசி மாதத்தில் விழித்து எழுந்து தேறியவனையும் பார்த்திருக்கிறேன். முன்னவனுக்காக வருந்தும்போது விதியைக் குறை கூறுகிறோம். பின்னவனைக் கண்டு மகிழும்போது அதே விதியை மெச்சுகிறோம். ஆகவே இவ்விஷயத்தில் கடுந்தீர்ப்புச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

இனி 1974-க்கு வருவோம். தென் கரோலினா விலகியதால் அணிகள் ஏழு. பட்டியலில் முதல்வரான ஸ்டேட்டுக்கு முதல் நாள் ஓய்வு கிடைத்தது. மேரிலாந்துக்கோ மூன்று நாளில் இறுதி ஆட்டம் மூன்றாவது ஆட்டம். ஸ்டேட் நாட்டின் முதல் அணி. டேவிட் தாம்ப்சன் அதன் ஒளிவிளக்கு. அவருடன் ஏழடிக்கு மேல் உயர்ந்த டாம் பர்ல்சனும், ஐந்தடி ஏழங்குலமே உயர்ந்த மான்ட்டி டோவும் ஆடினர். மேரிலாந்தில் லென் எல்மோர், டாம் மெக்மில்லன், ஜான் லூக்காஸ் ஆகியோர் இருந்தனர். கூட்டணியின் சிறந்த ஐவர் பட்டியலில் பர்ல்சனுக்குப் பதிலாக எல்மோரே அவ்வாண்டு இடம்பெற்றார். பர்ல்சன் அதை மறக்கவில்லை. அன்று அவர் எடுத்தவை 38 புள்ளிகள்.

மேரிலாந்து தொடக்கத்தில் பாய்ந்து முன்னேறியது. ஸ்டேட் மெல்ல மெல்ல எட்டிப் பிடித்தது. காலம் முடிந்தபோது 97-க்கு 97. மிகை நேரத்தில் மேரிலாந்து 100 என்று ஒரு புள்ளி முன்னே நின்றது. அப்போது பில் ஸ்பென்ஸ் கூடையில் பந்தைச் சேர்க்க ஸ்டேட் 101. அடுத்து லூக்காஸ் எறிந்த பந்து தோழர் கைக்குச் சேராமல் வீணாயிற்று. டோ இரண்டு புள்ளிகள் சேர்த்தார். 103-க்கு 100. எறிந்த பந்துகளில் பாதிக்கு மேல் கூடையில் விழச் செய்தும் மேரிலாந்து தோற்றது. நியூயார்க்கில் நடைபெறும் வேறொரு போட்டிக்குப் போகலாம் என்ற வாய்ப்பையும் மறுத்து அவ்வணி வீடு திரும்பியது. ஸ்டேட்டோ, ஏழாண்டுகள் தொடர்ந்து தேசியப் பட்டம் வென்றிருந்த யு.சி.எல்.ஏ. அணியைத் தேசிய அரையிறுதியில் வீழ்த்தி, டிரிசெல் வாழ்த்தியவாறே பட்டமும் பெற்றது.

அடுத்த ஆண்டே தேசியப் போட்டி 32 அணிகளாக விரிந்தது. ஒரு கூட்டணியிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட அணிகள் செல்லவும் வழி பிறந்தது. மாற்றத்துக்கு அந்த ஓர் ஆட்டமே முழுக் காரணம் என்று சொல்வது மிகை. எனினும் மாற்றத்தின் தேவையை ஊரறியச் செய்தது அதுவே. 1975-இல் மேரிலாந்து பட்டியலில் முதலிடம் பெற்று, மூன்று நாள் போட்டியில் மறுபடியும் தோற்றது; ஆனால் இம்முறை தேசியப் போட்டிக்குச் சென்றது. எல்மோருக்கும் மெக்மில்லனுக்கும் அதனால் பயனில்லை. அவர்கள் 1974-லேயே படிப்பை முடித்து வெளியேறிவிட்டனர். பின்னாளில் எல்மோர் வழக்கறிஞரானார். மெக்மில்லன் அமெரிக்கக் காங்கிரஸில் உறுப்பினரானார்.

வாசல் அகன்றபின் மூன்று நாள் போட்டியின் உக்கிரம் குறைந்ததா? பெரிய அணிகளுக்குக் குறைந்தது. சிறிய அணிகளுக்குக் குறையவில்லை. வட கரோலினாவில் பல பள்ளிகளில், போட்டி நடைபெறும் வெள்ளிக்கிழமை நண்பகலில் வகுப்பறைக்குள்ளேயே தொலைக்காட்சிப் பெட்டியை உருட்டி வந்து வைத்துவிடுவார்களாம். நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் இதற்கு அனுமதி அளித்திருக்க மாட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன். மாணவர்கள் நம்புவார்களோ, மாட்டார்களோ! பந்தைக் கையில் வைத்துக்கொண்டு காலம் கடத்தும் தந்திரமும் நெடுநாள் நீடித்தது. 1968-இல் ஓர் அரையிறுதி 12-க்கு 10 என்று முடிந்தது. 1982 இறுதியில் வட கரோலினா வர்ஜீனியாவை 47-க்கு 45 என்று வென்றவிதம் பார்த்தோருக்குச் சலிப்பூட்டியது. அடுத்த பருவத்திலேயே, பந்தைப் பெற்ற அணி 30 வினாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும் என்ற விதியைக் கூட்டணி சோதித்துப் பார்த்தது.

பட்டியலையே நம்பியிருந்த பிற கூட்டணிகளும் பின்னர் இவ்வழிக்கு வந்தன. 'பிக் டென்' கூட்டணி 1998-இலும், பழம்பெரும் பல்கலைக்கழகங்களின் 'ஐவி' கூட்டணி 2017-இலும் இறுதிப் போட்டியைத் தொடங்கின. மேரிலாந்து 2014-இல் இக்கூட்டணியைவிட்டு அந்த 'பிக் டென்'னுக்கே போய்ச் சேர்ந்தது. 2024-இல் பசிபிக் கரையோரத்துக் கலிபோர்னியாவிலிருந்து இரு பல்கலைக்கழகங்கள் 'அட்லாண்டிக் கடற்கரை'யில் உறுப்பினராயின. பூகோள ஆசிரியர்கள் இதை எவ்வாறு விளக்குவார்களோ, அறியேன். இப்போது அணிகள் பதினெட்டு. 2025-ஆம் ஆண்டுப் போட்டியில் அவற்றுள் பதினைந்துக்கே இடம் தரப்பட்டது.

எவரெட் கேஸ் உடல்நலம் குன்றி 1964 டிசம்பரில் பதவி விலகினார். 1965 மார்ச்சில் ஸ்டேட் டியூக்கை வென்று மகுடம் சூடியபோது, மாணவர்கள் நோயுற்ற அவரைத் தோளில் தூக்கி வலையை அறுக்கச் செய்தனர். மறு ஆண்டு ஏப்ரலில் அவர் மறைந்தார். போட்டியின் சிறந்த வீரருக்கு அளிக்கும் விருது இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

2024-ஆம் ஆண்டு மார்ச் மாதம் வாஷிங்டன் நகரில் இப்போட்டி கூடியபோது ஸ்டேட் பத்தாமிடத்தில் இருந்தது. 17 வெற்றி, 14 தோல்வி. தேசியப் போட்டிக்கு அழைப்பு வரும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. மூன்று நாள் போட்டி இப்போது ஐந்து நாளாகியிருந்தது. கீழ் வரிசையில் நின்றவர் ஒரு நாள்கூட ஓய்வின்றி ஐந்து நாளும் ஆடியாக வேண்டும். அவர்கள் ஆடினர். ஐந்து நாளில் ஐந்து வெற்றி. மார்ச் 16-ஆம் நாள் இறுதியில், பட்டியலின் முதல்வரான வட கரோலினாவை 84-க்கு 76 என்று வென்றனர். 1987-க்குப்பின் அவர்களுக்குக் கிடைத்த முதல் மகுடம் அது. ஏணி கொண்டுவரப்பட்டது. ஒருவர் பின் ஒருவராக ஏறி வலையை அறுத்தனர். அடுத்த வாரம் தேசியப் போட்டிக்குப் புறப்பட்டனர். அங்கே கடைசி நான்கு அணிகளுள் ஒன்றாக நிற்கும்வரை அவர்களை யாராலும் நிறுத்த முடியவில்லை.