24க்கும் 25க்கும் இடையே

மாத்தளை மாவட்டத்திலே பல்லேபொல என்னும் ஊரில், வானொலி கேட்டே வளர்ந்த ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். இலங்கை வானொலி ஒலிபரப்பிய பழைய திரைப்பாடல்கள் அவ்வீட்டுப் பெரியவருக்கு மனப்பாடம். 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் திகதி ரூபவாஹினி தொடங்கிய பின்னர், அவ்வீட்டுக்கும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வருகிறது. ஒருநாள், தாம் நூறுமுறை கேட்ட பாடல் ஒன்றை அப்பெட்டியிலே பார்க்கிறார் பெரியவர். பாடல் அதுவே, பாடுபவரும் அவரே. ஆயினும் குரல் சற்றே மெலிந்து, சுருதி ஏறி ஒலிக்கிறது. அருகிருந்த ஆர்மோனியத்திலே தொட்டுப் பார்த்தால் கட்டை பொருந்தவில்லை. வானொலியில் கேட்ட இசைத்தட்டும் திரைப்படச் சுருளும் ஒரே ஒலிப்பதிவிலிருந்து பிறந்தவையாயினும் இவ்வேறுபாடு உண்டாகும். பெரியவரின் காது பொய் சொல்லவில்லை. ஏன் இவ்வாறு நேர்கிறது என்பதற்கு விடை காண, நூறாண்டுக்கு மேற்பட்ட சலனப்பட வரலாற்றைச் சிறிது புரட்டவேண்டும்.

சலனப்படம் என்பது அசைவதில்லை என்பதை நேயர்கள் அறிவர். அசையாத படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து வர, கண் அவற்றைத் தொடர்ச்சியாகக் கொள்கிறது. அவ்வொவ்வொரு படத்தையும் சட்டகம் என்போம். தொழிலாளர் வாயிலே அது பிரேம். ஒரு வினாடிக்கு எத்தனை சட்டகம் என்பதே இப்பேச்சின் பொருள்.

பேசாப்படக் காலத்திலே இதற்கு உறுதியான விதி இருந்ததில்லை. படப்பிடிப்பாளர் தம் கையாலேயே கமராவின் பிடியைச் சுழற்றினார். ஒரு சுற்றுக்கு 8 சட்டகம்; வினாடிக்கு இரண்டு சுற்று; ஆக 16 என்பது பொதுவான வழக்கம். ஆனால் மனிதக் கை கடிகாரம் அன்று. சண்டைக் காட்சியில் கை விரையும், களைத்தபோது தளரும். 1905ஆம் ஆண்டளவில் திருச்சிராப்பள்ளியிலே ரயில்வே அலுவலகத்தில் பணிபுரிந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை வாங்கி ஊர் ஊராகக் கொண்டு சென்று காட்டிய நாள்களில், படம் ஓடும் வேகமும் இயக்குபவர் மனம்போல் அமைந்ததே. அதனால் எவருக்கும் குறை தோன்றவில்லை. காதுக்கு வேலை இல்லாதவரையில் கண் மிகவும் பொறுமையுடையது.

ஒலி வந்ததும் அந்தப் பொறுமைக்கு முடிவு வந்தது. 1926ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் வார்னர் நிறுவனத்தார் இசையைப் படத்துடன் இணைத்தபோது, வேகத்தை நிலைநிறுத்தியே ஆகவேண்டியதாயிற்று. படம் சிறிது விரைந்தாலும் குரல் கீச்சிடும்; சிறிது தளர்ந்தாலும் அழுகுரலாகும். வினாடிக்கு 24 சட்டகம், நிமிடத்துக்கு 90 அடி என்ற அளவு வழக்குக்கு வந்தது. 1931 அக்டோபர் 31ஆம் திகதி சென்னையில் வெளியான காளிதாஸ் முதலாக, எஸ். எம். நாயகம் தயாரித்து 1947 ஜனவரி 21ஆம் திகதி கொழும்பிலே திரையிடப்பட்ட முதல் சிங்களப் பேசும்படமான கடவுணு பொறொந்துவ ஈறாக, இந்த 24 என்னும் எண்ணே நம் இரு நாட்டுப் பேசும்படங்களையும் ஆண்டது.

ஒலியின் இவ்வெற்றியால் பழைய பேசாப்படங்களுக்கு நேர்ந்த கதி பரிதாபத்துக்குரியது. 1000 அடிச் சுருள் ஒன்றிலே 16,000 சட்டகங்கள் உள்ளன. 16 வேகத்தில் அது 16 நிமிடமும் 40 வினாடியும் ஓடும். அதனையே 24 வேகப் பொறியிலிட்டால் 11 நிமிடம் கடந்தவுடன் தீர்ந்துபோகும். நடப்பவர் ஓடுவார், அழும் தாய் துள்ளுவாள். முன்னோர் நடமாட்டமே கோமாளித்தனம் என்று பின்வந்த தலைமுறையினர் கருதும்படி ஆயிற்று. அது படம் எடுத்தவர் குற்றமன்று, ஓட்டியவர் குற்றம். தென்னிந்தியப் பேசாப்படங்களுள் எஞ்சியவை மிகச் சில. நடராஜ முதலியார் சென்னையிலே எடுத்த கீசகவதம் அழிந்தே போயிற்று. 1933ஆம் ஆண்டின் மார்த்தாண்டவர்மா, நூலின் பதிப்புரிமை வழக்கிலே சிக்கிப் புத்தகக் கடையிற் கிடந்தமையால் பிழைத்து, பின்னர் இந்திய தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகத்தைச் சேர்ந்தது. தப்பி வந்த அத்தகைய ஒன்றைத் தவறான வேகத்தில் ஓட்டிக் கேலிப்பொருளாக்குவதைவிட வேறென்ன கொடுமை உண்டு?

பரிகாரம் இருந்தது. இரண்டு சட்டகங்களுக்கு ஒரு முறை, இரண்டாவதை இருமுறை அச்சிட்டால் 16 என்பது 24 ஆகும். 18 வேகத்துப் படமாயின் ஒவ்வொரு மூன்றாவது சட்டகத்தையும் இரட்டித்தால் போதும். இயல்பான நடை திரும்பியது. ஆனால் ஒவ்வோர் அசைவிலும் ஒரு சிறு திக்கல் ஏற்பட்டது. கைப்பிடி சீராகச் சுழலாததால், எந்தக் காட்சி 16, எந்தக் காட்சி 18 என்று ஒவ்வொன்றாகப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டியிருந்தது. நடையின் இயல்பையும், விழும் பொருளின் வேகத்தையும் கொண்டே அது கணிக்கப்படும். இலக்கணம் இருந்தும் செவியால் திருத்தப்படும் செய்யுள் போன்றது இவ்வேலை.

தொலைக்காட்சி வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தது. அதன் வேகம் மின்சாரத்தின் துடிப்பைப் பின்பற்றி வகுக்கப்பட்டது. ஐரோப்பாவைப் போன்றே இலங்கையிலும் இந்தியாவிலும் மின்னோட்டம் வினாடிக்கு 50 சுற்று. ஆகவே 25 சட்டகம். அமெரிக்காவில் 60 சுற்று, ஆகவே 30. அந்த 30ம் 1953இல் வண்ண ஒளிபரப்பின் பொருட்டு ஆயிரத்தில் ஒரு பங்களவு குறைக்கப்பட்டது. ஒரு மணி நேரத்தில் 108 சட்டகங்கள் கணக்கிலே வேறுபடும். பள்ளிக் கணிதத்தில் தசமத்தை அலட்சியம் செய்யும் மாணவர்க்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பதரிது.

இப்பொழுது பல்லேபொலப் பெரியவரிடம் மீளலாம். 24இல் எடுத்த படத்தை 25இல் காட்டுவதற்கு எளிய வழி, அப்படியே சற்று விரைவாக ஓட்டிவிடுவதே. நூற்றுக்கு நான்கு பங்கே மிகை, கண்ணுக்குத் தெரியாது. மூன்று மணி நேரப் படம் ஏழு நிமிடம் முன்னதாக முடியும். ஆனால் ஒலியும் உடன் விரைவதால் சுருதி ஏறும். அந்த ஏற்றம் அரைக் கட்டையில் ஏறக்குறையப் பத்தில் ஏழு பங்கு. உரையாடலில் இதனை உணர்வார் சிலரே. ஆனால் தியாகராஜ பாகவதரின் படங்களைப் போலப் பாட்டாலேயே வாழ்ந்த படங்களில், சுருதி சுத்தத்துக்குப் பழகிய செவி இதனைப் பொறுத்துக்கொள்ளாது. ஐரோப்பியப் பொறியியலார் நான்கு விழுக்காட்டைச் சிறிது என்று கருதியது அவர் கண்ணுக்குச் சரியாயிருக்கலாம்; ஆலாபனையைக் கேட்டு வளர்ந்தவர் காதுக்குச் சரியன்று.

இன்று கணினியிலே படத்தைத் தொகுப்போர்க்கு வசதிகள் பல. வேகத்தை மாற்றியபின் சுருதியை மட்டும் தனியே பழைய நிலைக்கு இறக்கிவிடலாம். ஆனால் ஒழுங்கு தவறினால் எவ்வசதியும் உதவாது. அமெரிக்க முறையில், 24 சட்டகங்களையும் மாறி மாறி இரண்டும் மூன்றுமான அரைச் சட்டகங்களாகப் பரப்பி 30 ஆக்குவர். அங்கே இரு வேறு படங்கள் ஒரே சட்டகத்தில் கலந்து நிற்கும். அக்கலப்பை முதலிற் பிரித்து உண்மையான 24ஐ மீட்டெடுத்த பின்னரே வெட்டவேண்டும். வெட்டியபின் பிரிக்கப் புகுந்தால் இரண்டும் மூன்றுமான வரிசை ஒவ்வொரு வெட்டிலும் அறுந்துவிடும். எது மூலச் சட்டகம் என்று எவராலும் காணமுடியாது. மாத்தளைக்கு அண்மையிலே அலுவிகாரையில் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. ஏடு பெயர்த்தெழுதியவர் எவரும் அடுத்த படி எடுப்பதற்கு முன் மூல ஏட்டை நறுக்கியதில்லை.

ரூபவாஹினியின் பிறப்பிலும் இக்கணக்குப் புகுந்ததுண்டு. அந்நிலையத்தை நமக்கு அன்பளிப்பாக அமைத்துத் தந்தது ஜப்பான். ஜப்பான் அமெரிக்க முறையில் 30ஐப் பின்பற்றும் நாடு. இலங்கையோ 25ஐ மேற்கொண்டது. ஆகவே இலங்கையர் உள்ளங்கவர்ந்த ஓஷின் போன்ற ஜப்பானியத் தொடர் எதுவாயினும், ஆறு சட்டகங்கள் ஐந்தாகக் குறைந்த பின்னரே இங்கு ஒளிபரப்பாக முடியும். படத்தின் வேகம் மாறாது. அசைவின் மென்மையே சிறிது குன்றும்.

அந்நிலையத்தின் குரல்மாற்றுப் பிரிவை நடத்தியவர் டைட்டஸ் தொட்டவத்த. 1929இல் பிறந்த அவர், 1948இல் நிறுவப்பட்ட அரசாங்கத் திரைப்படப் பிரிவில் தொழில் பழகி, லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 1956ஆம் ஆண்டுப் படமான ரேகாவவைத் தொகுத்தவர். 24 சட்டகச் சுருளைக் கையால் வெட்டிய அவரே, பின்னாளில் 25 சட்டகத் தொலைக்காட்சிக்கு அயல்நாட்டுக் கேலிச்சித்திரங்களைச் சிங்களம் பேசவைத்தார். 24இல் வரைந்த சித்திரம் 25இல் விரைந்து ஓடுமாயின், சிங்களக் குரல் கொடுப்பவர் தம் வாக்கியத்தை இருபத்தைந்தில் ஒரு பங்கு முந்தியே முடிக்கவேண்டும். பின்னணி இசை ஏறிய சுருதியிலே ஒலித்திருக்கும். கொழும்பிலே புதிதாகப் பதிந்த அக்குரல்கள் மட்டும் பேசியவர் தொண்டையிலிருந்து பிறந்த அதே சுருதியிலே வீடுகளை வந்தடைந்தன.