மண்டையோட்டின் பிரதி

உயிரியல் வகுப்பு மேஜைமேல் இருக்கும் பிளாஸ்டிக் மண்டையோட்டைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. கரும்பலகை, உலக உருண்டை போல அதுவும் ஒரு பாடக் கருவி. இந்தப் பயமின்மை சுலபமாக வந்துவிடவில்லை. இதற்குச் சுமார் இருநூற்றைம்பது வருஷச் சரித்திரம் இருக்கிறது. அவ்வளவு சுத்தமான சரித்திரம் என்று சொல்ல முடியாது.

ஃப்ளாரன்ஸ் நகரில் 1775இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட லா ஸ்பெகோலா மியூசியத்திலிருந்து தொடங்கலாம். அதை நிர்வகித்த ஃபெலிசே ஃபோன்டானாவுக்கு ஒரு கனவு இருந்தது. உடல் முழுவதையும் மெழுகில் செய்து வைத்துவிட்டால் பிறகு படிக்க வருகிறவன் பிணத்தைத் தொட வேண்டியதில்லை. கிளெமென்டே சூசினி என்ற சிற்பி இதற்காகச் செய்த மெழுகுப் பெண் இன்றும் அங்கே படுத்திருக்கிறாள். கழுத்தில் முத்துமாலை. நிஜமான கூந்தல். தூக்கத்துக்கும் மயக்கத்துக்கும் இடையில் ஒரு முகபாவம். மார்பையும் வயிற்றையும் மூடி போல் கழற்றி, உள்ளுறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்கலாம். கடைசியில் கருப்பையில் ஒரு சிசு.

இவளைப் பற்றி எழுதுகிறவர்கள் முத்துமாலையோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அவளுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு. மெழுகுக்குத் தானாக உடம்பு தெரியாது. சான்டா மரியா நுவோவா ஆஸ்பத்திரியிலிருந்து பிணங்கள் வந்தன. அறுத்து, உறுப்பைப் பிரித்து, அழுகுவதற்குள் பிளாஸ்டரில் அச்சு எடுத்து, அச்சில் மெழுகை ஊற்றினார்கள். ஐஸ் பெட்டி இல்லாத காலம். ஒரு பிணம் சில நாள்களுக்குமேல் தாங்காது, அடுத்தது வரவேண்டும். ஒரு முழு உருவத்துக்கு இருநூறு பிணங்கள்வரை செலவானதாகச் சொல்வதுண்டு. பிணத்தை விலக்க வந்த கலை பிணத்தைத் தின்று வளர்ந்தது. ஆஸ்திரியச் சக்கரவர்த்தி இரண்டாம் ஜோசஃப் வியன்னாவில் ராணுவ வைத்தியர்களுக்காகத் தொடங்கிய பள்ளிக்கு இதே பட்டறையில் 1,192 மாதிரிகள் செய்து வாங்கினான். ஆல்ப்ஸைக் கடந்து கோவேறு கழுதைகள்மேல் போயின.

(மாதிரி என்ற நம் சொல்லைக் கவனிக்க வேண்டும். நிறையப் பேருக்குப் பிரதிநிதியாக எடுத்த ஒன்றும் மாதிரி. வேறொன்றைப் போல இருப்பதும் மாதிரி. இந்த விவகாரம் முழுக்க அந்த இரண்டு அர்த்தத்துக்கும் நடுவில்தான் நடக்கிறது.)

மெழுகுக்கு விலை அதிகம், கைபட்டால் கெடும். 1820களில் லூயி ஓசூ என்ற பிரெஞ்சு வைத்தியர் காகிதக் கூழ் உடலைக் கொண்டுவந்தார். கூழில் களிமண்ணும் தக்கைத் தூளும் சேர்த்து அச்சில் அழுத்தினார். எண் போட்ட துண்டுகளைக் கழற்றி மாட்டலாம். நார்மண்டியில் தன் சொந்தக் கிராமத்திலேயே தொழிற்சாலை வைத்து, ஊர்க்காரர்களுக்கே வேலை கற்றுக்கொடுத்தார். இந்தச் சரித்திரத்தில் மனசு கொஞ்சம் லேசாகிற இடம் இது ஒன்றுதான்.

தசைக்கும் குடலுக்கும் இப்படி மெழுகும் காகிதமும் தேவைப்பட்டன. எலும்புக்குத் தேவைப்படவில்லை. எலும்பு அழுகாது, அதுவே அதற்கு மாதிரி. ஆகவே மண்டையோட்டுக்கு மட்டும் பிரதி பரவலாவதற்கு வெகுகாலம் ஆயிற்று. அதுவரை எலும்புக்கு மனிதர்கள் வேண்டியிருந்தார்கள்.

எடின்பரோவில் 1828இல் பர்க், ஹேர் என்ற இருவர் பதினாறு பேரைக் கொன்று உடல்களை உடற்கூறு ஆசிரியர் ஒருவருக்கு விற்றார்கள். 1829இல் பர்க்கைத் தூக்கிலிட்டு அவனையும் அறுத்தார்கள். அவன் எலும்புக்கூடு அந்த நகரத்துப் பல்கலைக்கழகத்தின் உடற்கூறு மியூசியத்தில் பெயரோடு நிற்கிறது. இந்தத் துறையில் பெயரோடு நிற்க ஒருவன் கொலைகாரனாக இருக்க வேண்டியிருந்தது. 1832இல் சட்டம் வந்தது. ஏழை விடுதிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் செத்து, கேட்க ஆள் வராத உடல் கல்லூரிக்கு. கொலை நின்றது, வறுமை கொள்முதல் நிலையமாயிற்று.

அந்தத் தர்க்கத்தைக் கப்பலேற்றினால் கல்கத்தா வருகிறது. அங்கே மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா 1836இல் ஜாதிக் கட்டை மீறிப் பிணத்தை அறுத்தார். வில்லியம் கோட்டையில் பீரங்கி முழங்கியதாகச் சொல்வார்கள். அந்தத் துணிச்சலை நாம் கொண்டாடுகிறோம், சரி. அதே ஊர்தான் பின்னால் உலகத்தின் எலும்புக் கடையாயிற்று. அனாதைப் பிணங்களை ஊறவைத்து, காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, வெயிலில் காயவைத்து, வெளுத்து, மூட்டுகளைக் கம்பியால் கட்டி, பெட்டியில் அடுக்கினார்கள். வேலை செய்தவர்களில் டோம் ஜாதியார் முக்கியமானவர்கள். தொட்டவனுக்குத் தீட்டு, லாபத்துக்குத் தீட்டில்லை. 1984இல் மட்டும் இந்தியாவிலிருந்து சுமார் 60,000 மண்டையோடுகளும் எலும்புக்கூடுகளும் ஏற்றுமதியானதாக மறுவருஷம் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று எழுதியது.

1985இல் ஒரு வியாபாரி 1,500 குழந்தைகளின் எலும்புக்கூடுகளை ஏற்றுமதி செய்ததாகக் கைதானார். குழந்தைகளைக் கடத்திக் கொல்கிறார்கள் என்று பீதி பரவியது. அந்த வருஷமே அரசு ஏற்றுமதியைத் தடை செய்தது. பிரிட்டனில் போலவே இங்கேயும் அரசை அசைத்தது கொலை பற்றிய பயம். அனுமதி கேட்கப்படாத சாவுகள் அதுவரை யாரையும் உறுத்தவில்லை.

மேல்நாட்டு வகுப்பறைகளில் பிளாஸ்டிக் நிலைகொண்டது இதற்குப் பிறகு. பிரதி ஜெயித்தது, எலும்பு விடுதலையாயிற்று என்று கதையை முடிக்கலாம். ஆனால் நல்ல பிளாஸ்டிக் மண்டையோட்டை யாரும் மனசிலிருந்து வடிப்பதில்லை. நிஜமான ஒன்றில் அச்சு எடுத்தே வார்க்கிறார்கள். எலும்புகள் ஒன்றோடொன்று சேரும் நெளிகோடு ஒருவருக்கு இருப்பதுபோல் இன்னொருவருக்கு இராது. தேய்ந்த கடைவாய்ப்பல், விழுந்த பல்லின் குழி, சற்றே கோணலான மூக்குத்தண்டு எல்லாம் அச்சில் ஏறிவிடும். ஆயிரக்கணக்கான மேஜைகளில் ஒரே ஆளின் பல்வலி. 1985க்கு முன்னால் சந்தையில் கிடைத்தது பெரும்பாலும் இந்திய எலும்பு. மூலமாக வைக்கப்பட்ட தலைகளில் பல எங்கிருந்து போயிருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

விற்பனைக் கேட்லாக்குகளில் இனமும் பாலும் போட்டிருக்கிறார்கள். ஐரோப்பிய ஆண், ஆப்பிரிக்க ஆண், ஆசியப் பெண். தாடை தனியாகக் கழலும், மண்டையின் மேல்பகுதி மூடிபோல் திறக்கும், பற்கள் உறுதியானவை என்றெல்லாம் விவரம். இங்கே நம் மருத்துவக் கல்லூரி விடுதிகளில் சீனியரிடமிருந்து ஜூனியருக்கு நிஜ எலும்பு செட் இன்னமும் கைமாறிக்கொண்டிருக்கிறது. முந்தின மாணவர்கள் தசை ஒட்டும் இடங்களைச் சிவப்பிலும் நீலத்திலும் வரைந்து வைத்த கோடுகள் அவற்றின்மேல் இருக்கும்.