சாரதிகளுக்கு 'மெடிக்கல்' வந்த கதை

லைசன்ஸ் எடுக்கப் போகும் நமது பிள்ளைகள் முதலில் சொல்வது "இன்னும் மெடிக்கல் எடுக்கல்ல" என்பதுதான். நம்மில் பலருக்கு அது வரிசையில் நின்று, காசு கட்டி வாங்கிக்கொள்ளும் ஒரு துண்டுக் கடதாசி. அந்தக் கடதாசி எப்படி வந்தது, அதனால் எது முடியும், எது முடியாது என்பதை நாம் கொஞ்சம் பார்ப்போம்.

கதை தொடங்குவது வீதியில் அல்ல, புகையிரதத்தில். 1875 நவம்பர் 15 இரவு, சுவீடன் நாட்டின் லாகர்லுண்டாவில் இரண்டு புகையிரதங்கள் நேருக்கு நேர் மோதி 9 பேர் மரணமானார்கள். சமிக்ஞை விளக்கின் நிறத்தை ஊழியர் ஒருவர் பிழையாக விளங்கியிருக்கலாம் என்று உப்சாலா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹோல்ம்கிரென் சந்தேகித்தார். அடுத்த வருடம் புகையிரத ஊழியர்கள் 266 பேரைப் பரிசோதித்தார். 13 பேருக்கு நிறக்குருடு இருந்தது.

அவர் பரிசோதித்த முறை எளிமையானது. "இது என்ன நிறம்?" என்று கேட்கவில்லை. நிற நிறமான கம்பளி நூல்களைக் குவித்து, ஒரு நூலைக் கொடுத்து, "இதைப் போன்றவற்றைப் பொறுக்கி எடுங்கள்" என்றார். ஏனென்றால் நிறக்குருடு உள்ளவரும் சிறு வயதிலிருந்தே நிறங்களின் பெயர்களைப் பழகியிருப்பார். பெயரைச் சொல்லித் தப்பலாம், நூலைப் பொறுக்கும்போது தப்ப முடியாது. அந்த விபத்துக்கு நிறக்குருடுதான் காரணமா என்பதில் பிற்கால ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் உண்டு. ஆனாலும் பரிசோதனை நிலைத்துவிட்டது. பின்னர் 1917இல் ஜப்பானிய வைத்தியர் இஷிஹாரா வெளியிட்ட, புள்ளிகளுக்குள் இலக்கம் ஒளிந்திருக்கும் அட்டைகளை நாமும் பார்த்திருக்கிறோம்.

அடுத்தது இதயம். 1953இல் வைத்தியர் ஜெரி மொரிஸும் அவரது குழுவினரும் லண்டன் பஸ் ஊழியர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். நாள் முழுக்கத் தட்டு பஸ்ஸின் படிகளில் ஏறி இறங்கும் கொண்டக்டர்களை விட, உட்கார்ந்தே ஓட்டும் சாரதிகளுக்கு மாரடைப்பு கூடுதலாக இருந்தது. அதாவது, நோயாளி சாரதியாவது மட்டுமல்ல, சாரதி வேலையே மனிதனை நோயாளியாக்கவும் கூடும். லைசன்ஸ் எடுத்த அன்று சுகமாக இருந்தவர் பத்து வருடத்துக்குப் பிறகும் அப்படியே இருப்பார் என்று நாம் எப்படிச் சொல்வது?

மூன்றாவது பாடம்தான் மிகக் கசப்பானது. 1999 மே 9, அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரம். 43 பிரயாணிகளோடு சென்ற பஸ் பெருந்தெருவை விட்டு விலகி மோதியது. 22 பேர் மரணமானார்கள். சாரதியின் கையில் மெடிக்கல் சான்றிதழ் இருந்தது. ஆனால் அவருக்குக் கடுமையான இதய நோயும் சிறுநீரகச் செயலிழப்பும் இருந்தன. அதைப் பரிசோதனையில் மறைத்திருந்தார். சாரதி செயலிழந்தது மட்டுமல்ல, அவரைக் கண்டுபிடித்து நிறுத்தத் தவறிய சான்றிதழ் முறையும் விபத்துக்குக் காரணம் என்று விசாரணை முடிவு செய்தது. அதன் பின்னர்தான், வர்த்தக வாகனச் சாரதிகளைப் பயிற்சி பெற்றுப் பதிவு செய்த மருத்துவ உத்தியோகத்தர்களே பரிசோதிக்க வேண்டும் என்ற முறை வந்தது. அது நடைமுறைக்கு வர 2014 ஆனது. 15 வருடங்கள்!

நமது நாட்டிலும் தேசிய போக்குவரத்து வைத்திய நிறுவகத்துக்கென 1997இல் தனிச் சட்டம் வந்தது. பார்வை, நிறம், கேட்டல், இரத்த அழுத்தம் எல்லாம் பார்க்கிறார்கள். கனரக வாகன அனுமதிப்பத்திரத்தை 4 வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த 4 வருடங்களுக்கு இடையில் வரும் வலிப்பையும் நெஞ்சு வலியையும் அறிந்தவர் சாரதி ஒருவர்தான்.

அவர் ஏன் மறைக்கிறார்? கெட்ட எண்ணத்தால் அல்ல. சொன்னால் நாளைக்கு வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. தனக்கே தெரியாத குறையைக் கம்பளி நூல் காட்டிக் கொடுத்தது. வயிற்றுக்காக மறைக்கும் குறையைக் காட்டிக் கொடுக்க இன்னும் ஒரு கருவி வரவில்லை.

ஆகவே மெடிக்கலைக் கடுமையாக்குவது பாதி வேலைதான். மீதி நம்மிடம் இருக்கிறது. பஸ் முதலாளிமாரே, "எனக்குச் சுகமில்லை" என்று சொல்லும் சாரதியை வீட்டுக்கு அனுப்பாமல், ஓட்டாத வேறு வேலை ஒன்றில் வைத்துக்கொள்ள முடியாதா? பெற்றோரே, ஸ்கூல் வேன் சாரதி ஒரு நாள் வர முடியாது என்றால், "சம்பளத்தில் கழிப்பேன்" என்று சொல்லாமல் இருக்க முடியாதா? நமது பிள்ளைகள் அவர் கையில் அமானிதம். அவர் உண்மை சொல்லக்கூடிய நிலைமையை உண்டாக்குவது நமது பொறுப்பு.