இந்தியாவில் சிறிய கார்: விலையும் கௌரவமும் (1960–2025)

நடுத்தரக் குடும்பம் கார் வாங்கும்போது பயன் பார்க்கிறதா, கௌரவம் பார்க்கிறதா என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்திக் கேட்பது வழக்கம். இந்தியச் சிறிய காரின் வரலாறு அந்தக் கேள்விக்கு இணங்குவதில்லை. மலிவான வண்டி, மலிவு என்ற பெயர் ஒட்டாதபோதுதான் இங்கே வென்றது. இக்கட்டுரை நிறுவ முயல்வது இதையே.

1950களின் நடுவில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவை விட்டுப் போனபின், உத்தரப்பாராவின் அம்பாசடர், பம்பாயின் பியட், சென்னையின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய மூன்றே வாங்குபவர் முன் இருந்தன. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலத்தில் தேர்வு என்ற பேச்சே பொருளற்றது. மலிவு விலைக் கார் வேண்டும் என்று எல்.கே. ஜா குழு 1960 அளவிலேயே பரிந்துரைத்தது. 1971இல் சஞ்சய் காந்தி தொடங்கிய மாருதி நிறுவனம் சந்தைக்கு ஒரு காரைக்கூடக் கொண்டுவர முடியாமல் முடங்கியது. 1980இல் அரசு அதை ஏற்று, 1982இல் ஜப்பானின் சுசுகியோடு ஒப்பந்தம் செய்துகொண்டது.

1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் மாருதி 800இன் சாவியை வழங்கினார். விலை சுமார் 50,000 ரூபாய்; 796 சிசி, மூன்று சிலிண்டர். நல்ல மைலேஜ், குறைந்த பராமரிப்புச் செலவு, காலையில் மக்கர் பண்ணாமல் கிளம்பும் இன்ஜின் என்று பயன் சார்ந்த காரணங்கள் எல்லாம் அதற்கு இருந்தன. ஆனாலும் அது ஏழையின் கார் என்று யார் கண்ணிலும் படவில்லை. புத்தம்புது ஜப்பானியத் தொழில்நுட்பம் வாசலில் நிற்பதே பெருமையாக இருந்தது. சிக்கனத்துக்காக யாரும் மதிப்பை இழக்க வேண்டியிருக்கவில்லை. முப்பது ஆண்டு அந்த வண்டி ஓடியதற்கு இதுவே முதன்மையான காரணம் என்பேன்.

டாடா நானோவின் கதை இதற்கு நேர்மாறு. மழையில் ஒரே ஸ்கூட்டரில் நனைந்து சென்ற குடும்பத்தைக் கண்டு பிறந்த எண்ணம் என்று ரத்தன் டாடா சொன்னார். அந்த அக்கறையை நான் ஐயுறவில்லை. 2008 ஜனவரியில் அறிமுகமான நாள் முதல் 'ஒரு லட்சம் ரூபாய் கார்' என்பதே அதன் அடையாளமாகிவிட்டது. சிங்கூர் நிலப் போராட்டத்தால் ஆலை குஜராத்தின் சனந்துக்கு இடம்பெயர்ந்ததில் காலம் நழுவியது. 2010இல் சில வண்டிகள் தீப்பிடித்தது அச்சத்தை விதைத்தது. இவை உண்மையான காரணங்கள்தாம். ஆயினும் வண்டிகள் தீப்பிடிப்பதற்கு முன்பே வேறொரு காரணத்துக்கான தடயம் கிடைத்திருந்தது. 2009இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்பதிவு செய்தார்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் கேட்டது விலை கூடிய உயர்ரக வகையை. ஏசி இல்லாத அடிப்படை வகையைக் கேட்டவர்கள் ஐந்தில் ஒரு பங்கினரே. இருசக்கர வண்டியிலிருந்து மேலேறத் துடித்த குடும்பம், ஏறிய இடத்திலும் கடைசிப் படியில் நிற்க விரும்பவில்லை. இதை அற்ப ஆசை என்று தள்ளுவது நியாயமன்று. பெண் பார்க்கப் போகையிலும் கடன் கேட்கப் போகையிலும் வண்டியை வைத்தே ஆளை எடைபோடும் சமூகம் இது. மலிவு என்ற முத்திரை தவறாகிப்போனதை ரத்தன் டாடாவே பின்னர் ஒப்புக்கொண்டார். 2018இல் உற்பத்தி நின்றது.

அரசின் வரிக்கொள்கையும் கௌரவம் என்ற இதே பாறையில்தான் மோதியது. 2006 நிதிநிலை அறிக்கையில் ப. சிதம்பரம், நான்கு மீட்டர் நீளத்துக்கு உட்பட்ட, 1200 சிசிக்கு மிகாத பெட்ரோல் அல்லது 1500 சிசிக்கு மிகாத டீசல் இன்ஜின் கொண்ட கார்களுக்கு உற்பத்தி வரியை 24இலிருந்து 16 விழுக்காடாகக் குறைத்தார். சிறிய காரை வளர்ப்பது நோக்கம். நிறுவனங்களோ பெரிய வண்டியின் தோற்றத்தை அந்த அளவுக்குள் மடக்கின. மாருதி டிசையர் 2012இல் டிக்கியைக் குறுக்கிக்கொண்டது. மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட் 2013இல் எஸ்யூவியின் நிமிர்வோடு வரம்புக்குள் வந்தது. 2024–25இல் பயணிகள் வாகன விற்பனையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எஸ்யூவி உள்ளிட்ட பயன்பாட்டு வாகனங்களுக்குப் போனது.

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 18 விழுக்காடு. அளவுகோல் மட்டும் 2006இல் வகுத்த அதே நீளமும் இன்ஜின் கொள்ளளவும். உயர்ந்த பானட் வைத்த பல லட்ச ரூபாய் வண்டிக்கும், மாதத் தவணைக்கு மூச்சுத் திணறும் குடும்பம் தேடும் எளிய ஹாட்ச்பேக்குக்கும் ஒரே சலுகை. எடையையும் எரிபொருள் செலவையும் விலையையும் இந்த அளவுகோல் கணக்கில் எடுப்பதே இல்லை.