வெப்சைட் தொடங்கப் போறீங்களா? டிசைனுக்கு முன்னாடி அது யார் பேரில் இருக்குன்னு பாருங்க

பவானி ஜமக்காளம், கோயம்புத்தூர் வெட் கிரைண்டர், ஈரோடு மஞ்சள். மூன்றுக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆனால் வெளியூர்க்காரர் ஒருவர் இவற்றை கூகுளில் தேடினால், பெரும்பாலும் பெரிய விற்பனைத் தளங்கள்தான் முதலில் வந்து நிற்கும். செய்கிறவரின் பக்கம் எங்கேயோ கீழே இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

"சரி, நாமளே ஒரு வெப்சைட் போட்டுரலாம்" என்று முடிவெடுப்பவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு செலவாகுங்க?" என்பதைத்தான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "அது யார் பேரில் இருக்கும்?"

ஃபேஸ்புக் பேஜ் இருக்கே, வெப்சைட் எதுக்கு?

கூகுள் மேப்பில் கடையின் பெயர், நேரம், போன் நம்பர் காட்டும் 'பிசினஸ் புரொஃபைல்' பலருக்குத் தெரியும். அதன் வழியாகவே சில நிமிடங்களில் இலவச வெப்சைட் செய்துகொள்ளும் வசதியும் ஒரு காலத்தில் இருந்தது. 2024 மார்ச்சில் கூகுள் அதை நிறுத்திவிட்டது. ஜூன் 10 வரை அந்த முகவரிக்கு வந்தவர்களை மேப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள். அதன்பிறகு அதுவும் இல்லை. விசிட்டிங் கார்டிலும் டெலிவரி வண்டியிலும் அந்த முகவரியை அச்சடித்தவர்களுக்கு மிஞ்சியது வெறும் எழுத்துதான்.

2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டபோதும் இதே கதைதான். சேர்த்து வைத்த ஃபாலோயர்கள் அத்தோடு போனார்கள். அதற்காக ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவை சந்தைக்கு வரும் கூட்டம் மாதிரி, கட்டாயம் தேவை. ஆனால் கடை முகவரி உங்களுடையதாக இருக்கட்டும்.

டொமைன், ஹோஸ்டிங்: இரண்டும் ஒன்றல்ல

டொமைன் என்பது பெயர். டாட் காம், டாட் இன் என்று முடிகிற முகவரி. ஹோஸ்டிங் என்பது உங்கள் பக்கங்கள் இருக்கும் கம்ப்யூட்டரில் எடுக்கும் வாடகை இடம். அந்தப் பெயரைத் தட்டினால் இந்த இடத்துக்குப் போ என்று வழிகாட்டும் வேலையை டிஎன்எஸ் செய்கிறது. ஹோஸ்டிங் சரியில்லை என்றால் வேறு கம்பெனிக்கு மாறிக்கொள்ளலாம், பெயர் அப்படியே இருக்கும். பெயர் போனால்தான் எல்லாம் போச்சு.

டாட் இன் பெயர்களை நிர்வகிப்பது 'நிக்ஸி' எனப்படும் இந்திய தேசிய இணைய பரிமாற்றகம். ஆனால் நாம் வாங்குவது 'ரிஜிஸ்ட்ரார்' எனப்படும் விற்பனை நிறுவனங்களிடம். டொமைனை நிரந்தரமாக விலைக்கு வாங்க முடியாது. ஆண்டுக் கணக்கில் பதிவு செய்கிறோம், ஒரே நேரத்தில் அதிகபட்சம் 10 ஆண்டுகள். 'முதல் வருஷம் 99 ரூபாய்' போன்ற விளம்பரம் பார்த்தால் உடனே கார்டை எடுக்காதீங்க, புதுப்பிப்புக் கட்டணம் எவ்வளவு என்று பாருங்க. அங்கேதான் உண்மையான விலை இருக்கும்.

ஏமாற்றம் நடப்பது இப்படி

டிசைனர் ஒருவர் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். தன் ஈமெயில், தன் போன் நம்பர் கொடுத்து உங்கள் கடைப் பெயரில் டொமைன் வாங்குகிறார். ரெண்டு வருஷம் பிரச்சினை இல்லை. பிறகு அவர் ஊர் மாறிவிடுகிறார், போன் ஸ்விட்ச் ஆஃப். புதுப்பிக்கச் சொல்லி வரும் மெயில் அவருக்குத்தான் போகிறது. அல்லது புதுப்பிக்க நினைத்த தொகையை அவர் கேட்கிறார். ரிஜிஸ்ட்ராரைக் கேட்டால், பதிவில் இருக்கும் பெயர் உங்களுடையது இல்லை என்பார்கள். எல்லா டிசைனர்களும் இப்படியில்லை. வசதிக்காகச் செய்ததே பலமுறை வினையாகிவிடுகிறது.

அதனால் ரிஜிஸ்ட்ரார் கணக்கை நீங்களே தொடங்குங்க. உங்கள் ஈமெயில், உங்கள் மொபைல், பணம் கட்டுவதும் உங்கள் கார்டிலோ யுபிஐயிலோ இருக்கட்டும். டிசைனருக்குத் தேவையான அனுமதியை மட்டும் கொடுங்க. ஏற்கெனவே வெப்சைட் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே ரிஜிஸ்ட்ரார் லாகினைக் கேட்டு வாங்கிப் பாருங்க. ஹோஸ்டிங் லாகினைக் கொடுத்துவிட்டு, "இதுதாங்க எல்லாமே" என்பார்கள். அது வேறு, இது வேறு. டொமைனை வேறு நிறுவனத்துக்கு மாற்ற 'ஆத் கோட்' என்ற ரகசிய எண் தேவை. அதை எடுக்க முடிகிறவர்தான் நடைமுறையில் ஓனர்.

காலாவதியானால்? டாட் காம் பெயர் புதுப்பிக்காமல் நீக்கப்பட்டால், 30 நாள் மீட்பு அவகாசம் உண்டு. ஆனால் அபராதம் மாதிரி கூடுதல் தொகை கேட்பார்கள். அதுவும் தாண்டினால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

தமிழ் ஏன் கட்டம் கட்டமாகத் தெரியுது?

இதற்கும் கோவைக்கும் தொடர்பு உண்டு. 2010 ஜூன் 23 முதல் 27 வரை கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. கூடவே தமிழ் இணைய மாநாடும் நடந்தது. அந்தச் சமயத்தில்தான் தமிழக அரசு யூனிகோடையும், 'டேஸ் 16' என்ற இன்னொரு முறையையும் தரநிலையாக அறிவித்தது. அதற்கு முன் ஆளுக்கொரு எழுத்துரு. ஒரு கம்ப்யூட்டரில் 'அம்மா' என்று இருப்பது இன்னொன்றில் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும்.

அந்தத் தலைவலி முழுசா தீரலை. நோட்டீஸ், லேபிள் அடிக்கும் டிடிபி கடைகளில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஓடுகின்றன. அங்கே வாங்கிய ஃபைலை அப்படியே வெப்சைட்டில் ஒட்டினால் குழப்பம்தான். யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. அதைவிடச் சுலபம், உங்கள் போனிலேயே தமிழில் டைப் செய்வது. அது யூனிகோடுதான். விலைப்பட்டியலைப் போட்டோவாகப் போடாமல் எழுத்தாகப் போடுங்க, தேடுகிறவருக்குச் சிக்கும்.

'டாட் இந்தியா' என்று முழுக்கத் தமிழிலேயே டொமைன் வாங்கவும் முடியும். ஆசைக்கு இரண்டாவதாக வாங்கலாம். ஈமெயில் முகவரியாகப் பயன்படுத்தும்போது பல இடங்களில் ஏற்காது.

முதல் பக்கம், நீங்களே

1991இல் டிம் பெர்னர்ஸ் லீ செர்ன் ஆய்வகத்தில் வெளியிட்ட உலகின் முதல் வெப்சைட்டில் படமே கிடையாது. எழுத்தும் லிங்க்கும் மட்டும்தான். உங்கள் முதல் முயற்சியும் அப்படி இருந்தால் தப்பில்லை. கம்ப்யூட்டரில் நோட்பேடைத் திறந்து, ஹெச்டிஎம்எல்லில் தலைப்பு, பத்தி, லிங்க் ஆகிய மூன்று டேக்குகளை மட்டும் எழுதி, 'இன்டெக்ஸ்' என்ற பெயரில் ஹெச்டிஎம்எல் ஃபைலாகச் சேமித்து, பிரவுசரில் திறந்து பாருங்க. சேமிக்கும்போது யுடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்க, தமிழ் உடையாது. 'வியூபோர்ட்' என்ற ஒரு வரியும் சேருங்க. அது இல்லாவிட்டால் போனில் எழுத்து எறும்பு மாதிரி தெரியும். இதை கிட்ஹப் பேஜஸில் இலவசமாகவே ஏற்றலாம்.

கோடு எழுதப் பிடிக்காதவர்களுக்கு 2003இல் வந்த வேர்ட்பிரஸ் இருக்கிறது. வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது அவர்களே இடமும் தரும் சேவை. வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் என்பது இலவச மென்பொருள், ஹோஸ்டிங்கை நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். காசு கொடுத்து வாங்க வேண்டிய தீமை யாராவது 'சும்மா' கொடுத்தால் தொடாதீங்க. சூதாட்ட லிங்க்குகளை ஒளித்து வைப்பது அந்த வழியாகத்தான். பூட்டுக்குறிக்கான எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனியாகப் பணம் கேட்டால், லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தருகிறதே என்று கேளுங்க.

ஆரம்பத்திலேயே பேமெண்ட் கேட்வே வேண்டாம். பொருளின் போட்டோ, அளவு, விலை, ஊர், போன் நம்பர், தொட்டால் வாட்ஸ்அப் திறக்கும் பட்டன், இது போதும். போன் கேமரா போட்டோவைச் சுருக்கிப் போடுங்க. 5 எம்பி படத்துக்காக மலையடிவார கிராமத்தில் யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

படித்துச் செய்ய நினைப்பவர்களுக்கு, ஐஐடி பாம்பேயின் 'ஸ்போக்கன் டுடோரியல்' தளத்தில் கணினிப் பாடங்கள் பல தமிழ்க் குரலில் இலவசமாகக் கிடைக்கின்றன. கணியம் அறக்கட்டளையின் 'எளிய தமிழில்' வரிசை மின்னூல்களில் ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ் இரண்டுக்கும் புத்தகம் உண்டு. போனிலேயே படிக்கலாம், காசு கிடையாது.