கணக்கின் முதல் வரி



வியாபாரத்தில் அன்புக்கு இடம் ஏது என்று கேட்கிறோம். மதுரையின் அண்மைக்கால வரலாறு இதற்குப் பதில் சொல்கிறது.

அரசுப் பணியில் ஓய்வுபெற்ற கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி, 1976இல் 11 படுக்கைகளுடன் ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களைப் பழக்கி அறுவை சிகிச்சை செய்தவர் அவர். தாம் குருவாக ஏற்ற ஸ்ரீ அரவிந்தரின் பெயரையே மருத்துவமனைக்கு வைத்தார்.

நன்கொடையை மட்டும் அவர் நம்பவில்லை. வசதியுள்ளவர் கட்டணம் தந்தார். அந்த வருவாயில் இல்லாதவருக்கும் கண்புரை அகற்றப்பட்டது. படுக்கை வேறாக இருக்கலாம், மருத்துவர் அவர்களேதான். கண்ணுக்குள் பொருத்தும் வெளிநாட்டு லென்ஸின் விலை ஏழைக்கு எட்டாததால், 1992இல் ஆரோலேப் தொடங்கி மதுரையிலேயே மலிவாகத் தயாரித்தார்கள்.

நாம் லாபம் பார்த்தபின் மீதியைத் தர்மத்துக்கு ஒதுக்குகிறோம். அவரோ தர்மத்தைக் கணக்கின் முதல் வரியிலேயே எழுதினார். விருத்தாசலம் பீங்கான் பட்டறையிலும் திட்டக்குடி கடைவீதியிலும் தொழில் செய்யும் நாம், தவறாத வாரக்கூலியையும் குறையாத எடையையும் முதல் வரியில் எழுதுவோமா?

எரிகோ வழியோரத்தில் பார்வையற்ற பார்த்திமேயுவின் குரல் கேட்டு நின்ற ஆண்டவர், நம் கடைவாசலிலும் நிற்கிறார். ஆமென்.